சொன்ன வாய் சுமக்கும்

அவளை எல்லோரும் வாய்க்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். சண்டைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். குழாயடிச் சண்டையில் அவளை நிறுத்தினால் முதல் குடம் நிறைவதற்குள் தோற்றுவிட்டுத் திரும்பிவிடுவாள். வாய்தான் அவளுக்குப் பிழைப்பு. மலைக்காரர்கள் பேசுவதைப் பாதிரியாருக்குச் சொல்வாள். பாதிரியார் பேசுவதை மலைக்காரர்களுக்குச் சொல்வாள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பேசிப் பேசியே தலை நரைத்தவள். அப்படிப்பட்டவளோடு அவள் சொந்த ஜனங்கள் ஒருவர்கூடப் பேசாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. யாரால் வந்த வினை அது என்று சொல்லத்தான் இதை ஆரம்பிக்கிறேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும்.

அவள் மலையில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் ஒரே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சமிருந்தது அண்ணன் ஒருவன்தான். அவனுக்கே அப்போது மீசை முளைத்திருக்கவில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது மண்வெட்டி காலில் பட்டுப் புண்ணாகி, சீழ் வைத்து, முழங்கால் வரைக்கும் வீங்கிவிட்டது. பச்சிலை கேட்கவில்லை. அண்ணன் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு அடிவாரத்து மிஷன் வீட்டுக்கு இறங்கினான். வழியெல்லாம் ஆள் ஆளுக்குத் தடுத்தார்கள். அந்தச் சீமைக்காரன் பேரை மாற்றிவிடுவான் என்று பயமுறுத்தினார்கள்.

"பேரைத்தானே மாத்துவான்? மாத்திக்கட்டும். கால் மிஞ்சினா போதும்" என்றான் அண்ணன்.

மிஷன் வீடு என்றால் தகரக் கூரையும் வெள்ளையடித்த சுவரும் வாசலில் ஓர் இரும்பு மணியும்தான். பாதிரியாரும் அவர் மனைவியும் கப்பலிலிருந்து இறங்கி அதிக நாள் ஆகவில்லை. மலைப்பேச்சில் ஒரு சொல்கூடத் தெரியாது. பாதிரியாரம்மா அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வெந்நீரில் கழுவி, ஊதா நிற மருந்தைப் போட்டுக் கட்டினாள். ஒவ்வொரு முறை துணி படும்போதும் தன் பேச்சில் ஏதோ ஒன்று கேட்டாள். வலிக்கிறதா என்று கேட்கிறாள் என்பது சிறுமிக்குப் புரிந்துவிட்டது. சீமைப் பேச்சில் அவள் கற்றுக்கொண்ட முதல் சொல் அதுதான். புண் ஆறுவதற்குள் தண்ணீர் கேட்க, போதும் சொல்ல, சிரிக்க, அடம்பிடிக்க எல்லாம் வந்துவிட்டது. பிள்ளைக்குப் பேச்சு ஒட்டிக்கொள்ளும். பெரியவர்கள்தான் முட்டி மோத வேண்டும்.

கால் பிழைத்தது, ஆனால் கொஞ்சம் கோணிப்போனது. சுமை தூக்கிக்கொண்டு மேட்டில் ஏற முடியாது. "நீ இங்கயே இரு, தங்கச்சி. இவங்க நல்லவங்க. நான் வந்து வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் மலையேறினான். சொன்னபடி வந்தான். வரும்போதெல்லாம் இடுப்புத் துணியில் காட்டுக் கொட்டைகளை முடிந்துகொண்டு வருவான். பாதிரியாரம்மா அவனுக்கு டீ கொடுப்பாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, இதுவும் மருந்தா என்று தங்கையிடம் கேட்பான்.

மிஷன் வீடு மலைக்காரர்களுக்கு என்னென்னவோ கொடுத்தது. சோப்பு கொடுத்தது, சட்டை கொடுத்தது, காய்ச்சலுக்குக் கசப்பு மாத்திரை கொடுத்தது, கோயிலுக்கு வந்தவர்களுக்குப் புதுப் பெயர் கொடுத்தது. மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், மணி அடித்தால் ஜெபம், மணி அடித்தால் பசிக்க வேண்டும். சூரியனைப் பார்த்துச் சாப்பிட்டவர்களுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. மணியடிக்கிறவனுக்கு உடம்புக்கு வந்தால் எல்லாரும் பட்டினியா என்று ஒரு கிழவர் கேட்டார். அவள் அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் பாதிரியாரிடம் சொன்னாள். பாதிரியார் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல சிரிப்பு அவருக்கு. அதையும் சொல்லத்தான் வேண்டும். பிடிக்காதவன் என்பதற்காக ஒருவனின் சிரிப்பைக் குறை சொல்லக்கூடாது.

கட்டுத்துணிகளை வேகவைத்து, கொடியில் காயப்போட்டு, இஸ்திரி போட்டுச் சுருட்டி வைப்பது அவள் வேலை. பாதிரியாரின் சட்டைகளுக்கும் அவள்தான் இஸ்திரி. மருந்து அறையில் நோயாளிக்கும் பாதிரியாரம்மாவுக்கும் நடுவில் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியாருக்குப் பக்கத்தில் நிற்பாள். ஒருநாள் அவளும் பாதிரியாரும் உட்கார்ந்து கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"எனக்கு ஒண்ணு புரியல. நான் என்ன சொன்னாலும் உங்க ஆளுங்க என்னைப் பாக்காம உன்னைப் பாக்கறாங்க. நிஜமான்னு உன்னைத்தான் கேக்கறாங்க. ஏன் அப்படி?"

"எங்க வழக்கம் அது, ஐயா. சொன்ன வாய் சுமக்கும். யாரோட பேச்சா வேணா இருக்கட்டும், எந்த வாயிலேருந்து கேட்டோமோ அந்த வாய்தான் அதுக்குப் பொறுப்பு."

அவள் தன் சித்தப்பா கதையைச் சொன்னாள். பக்கத்து மலைக்காரன் ஒருவன், எங்கள் காட்டில் நீங்கள் தாராளமாக வேட்டையாடலாம் என்று சொல்லி அனுப்பினான். அதைச் சித்தப்பா வந்து தன் ஜனங்களுக்குச் சொன்னார். நம்பிப் போனவர்கள் அடிபட்டுத் திரும்பினார்கள். பொய் சொன்னவன் பக்கத்து மலைக்காரன். ஆனால் சித்தப்பாவோடுதான் பேச்சு நின்றது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நீங்களும் நானும் கேட்போம். மலைக்காரர்கள் கேட்க மாட்டார்கள். அம்புக்கு வாய் கிடையாது, மனுஷனுக்கு உண்டு. தெரியாத பேச்சை ஏன் தூக்கி வந்தாய் என்பது அவர்கள் நியாயம்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றார் பாதிரியார்.

"கடைசியில அந்த ஆளே எல்லாருக்கும் நடுவுல வந்து நின்னு, 'அது என் பேச்சு, நானே சுமக்கறேன்'னு தன் வாயால சொன்னான். அப்புறம்தான் சித்தப்பாவுக்கு விடுதலை."

"அவன் வராம இருந்திருந்தா?"

"சாகற வரைக்கும் யாரும் பேசியிருக்க மாட்டாங்க."

பாதிரியார் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "அப்போ நான் இத்தனை நாள் பிரசங்கம் பண்ணது எல்லாம் உன் தலையிலயா?"

"ஆமா, ஐயா. சொர்க்கம் இருக்குன்னு சொல்லியிருக்கீங்க. போய்ப் பாத்து இல்லேன்னா, என்னைத்தான் தேடி வருவாங்க."

அவர் கண்ணாடி நழுவும்வரை சிரித்தார். ஆனால் மறுநாளே அவளிடம் மலைப்பேச்சு கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார். "உன்மேல நான் சுமை ஏத்தக்கூடாது" என்றார். கல்லில் நார் உரிக்கிற வேலைதான். ஆனாலும் விடவில்லை. மருந்து அறையில், வழியில், ஆற்றங்கரையில், பார்த்தவர்களிடமெல்லாம் பேசிப் பேசிப் பழகினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் அவளை நிறுத்தாமல், தன் வாயாலேயே முழுப் பிரசங்கமும் செய்தார். முடிந்ததும், மணியைக் கிண்டல் செய்த அதே கிழவர் எழுந்து கேட்டார்.

"இனிமே உன் பேச்சை நீயே சுமப்பியா?"

"என் பேச்சை நானே சுமப்பேன்" என்றார் பாதிரியார், சுத்தமான மலைப்பேச்சில்.

அவள் பின்வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன்னை ஒரு மனுஷியாக மதித்து, தனக்காக இவ்வளவு பாடுபட்டவர் உலகத்தில் அண்ணனுக்கு அடுத்து இவர்தான் என்று நினைத்தாள். பெண் கேட்டு ஒருவன் வந்தான். நல்லவன்தான், ஆனால் அவன் வீடு மலை உச்சியில். இந்தக் காலை வைத்துக்கொண்டு ஏறுவதற்கு இஸ்திரிப் பெட்டியே மேல் என்று சிரித்துச் சொல்லி அனுப்பிவிட்டாள். உண்மையான காரணம் வேறு. மிஷன் வீட்டை விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. அது அவள் வீடு என்று நம்பினாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனசு.

வருஷங்கள் போயின. பாதிரியாரம்மாவுக்கு ஒரு குழந்தை பிறந்து, காய்ச்சலில் இறந்தது. கோயிலுக்குப் பின்னால் புதைத்தார்கள். அன்றிலிருந்து பாதிரியாருக்கு ஆஸ்பத்திரிப் பைத்தியம் பிடித்தது. கட்டில்கள் வேண்டும், டாக்டர் வேண்டும், இனி ஒரு பிள்ளை இப்படிப் போகக்கூடாது. அந்த ஆசையில் தப்பில்லை. ஆசைக்கு யாரை விலையாகக் கொடுக்கிறோம் என்பதில்தான் தப்பு.

அப்போதுதான் கம்பெனி வந்தது. பூட்ஸ் போட்டவர்கள் மேட்டுச் சரிவில் சங்கிலி பிடித்து அளந்தார்கள், பாறைகளில் சிவப்புப் பூசினார்கள். மண்ணுக்கடியில் உலோகம் இருக்கிறதாம். அந்தச் சரிவில்தான் மலைக்காரர்களின் வீடுகள். அவர்கள் குடிக்கிற ஊற்று அங்கேதான். அவளுடைய அப்பா அம்மா உட்பட, செத்தவர்களைப் புதைத்த இடமும் அங்கேதான். ஜனங்கள் கலவரப்பட்டுப் பாதிரியாரிடம் வந்தார்கள். அவர், கூட்டம் போட்டுப் பேசலாம் என்றார்.

கோயில் முற்றத்தில் கூட்டம். கம்பெனிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், ஜனங்கள் தரையில். பாதிரியார் எழுந்தார். வாயைத் திறந்தால் சீமைப் பேச்சு வந்தது. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, பின்னால் நின்ற அவளை முன்னே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கிட்டே போய் மெல்லக் கேட்டாள்.

"ஐயா, நீங்களே நம்ம பேச்சுல சொல்லலாமே?"

"வந்திருக்கறவங்களுக்கும் புரியணும் இல்லையா? மரியாதைக்காகத்தான். நீ சொல்லு."

சரி, விருந்தாளிக்கு மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாதிரியார் சொன்னது இதுதான்: கம்பெனி ஒரு பாதை மட்டும் போடும். சரிவின் ஓரமாகப் போகும். ஒரு வீடும் அசையாது. ஊற்றையும் கல்லறைகளையும் யாரும் தொட மாட்டார்கள். பதிலுக்கு நமக்கு ஓர் ஆஸ்பத்திரி கிடைக்கும்.

அவள் உடனே சொல்லிவிடவில்லை. "இது நிஜம்தானே, ஐயா? நான் சுமக்கணும்" என்று கேட்டாள்.

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லு" என்றார்.

சொன்னாள். அண்ணன் எழுந்து நின்றான். இப்போது அவன் தலையும் நரைத்திருந்தது. மலையில் அவன் பேச்சுக்கு மதிப்பு இருந்தது.

"தங்கச்சி, உன் வாயால சொல்றியா?"

"ஆமாண்ணா. என் வாயால சொல்றேன்."

"அது போதும்" என்று சொல்லி அண்ணன் உட்கார்ந்தான். அதற்கப்புறம் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதை உங்களுக்குத் தெரியும். விஸ்தாரமாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பாதை வந்தது. பாதையில் வண்டிகள் வந்தன. அடுத்த மழைக்கு முன்னால் சரிவில் வெடி வைத்தார்கள். ஊற்றில் சேறு வந்தது, பிறகு அதுவும் நின்றது. வீடுகளைப் பிரித்துக் கீழே இறக்கச் சொன்னார்கள். அடிவாரத்தில் வரிசையாகத் தகர வீடுகள் கட்டி, கதவில் எண் எழுதிக் கொடுத்தார்கள். கல்லறைகளை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். அப்பா அம்மாவின் எலும்பை அண்ணன் ஒரு சாக்கில் கட்டித் தோளில் சுமந்து இறங்கினான். மிஷன் வீட்டு வேலிக்குப் பக்கத்தில் அவனைப் பார்த்து அவள் ஓடினாள். "அண்ணா" என்றாள். அவன் அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

திட்டவில்லை. கல்லெடுத்து எறியவில்லை. ஒருவராவது திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மருந்து அறைக்கு வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல், வலிக்கிற இடத்தைப் பாதிரியாரம்மாவிடம் கையால் காட்டினார்கள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் எல்லோரும் அமைதியாக நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருநாள் துணிந்து அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அண்ணி ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிச்சைக்காரிக்குக்கூட, இந்தா என்று ஒரு சொல் கிடைக்கும். அவள் அந்தச் சோற்றைத் தின்றாள். சாப்பிடாமல் வந்தால் அண்ணி மனசு கஷ்டப்படும் என்று நினைத்தாள். பைத்தியக்காரி, அப்போதும் அடுத்தவர் மனசு.

அன்றே பாதிரியாரிடம் போய்க் கேட்டாள். "ஐயா, நீங்க வந்து ஒரே ஒரு தடவை நடுவுல நின்னு, இது என் பேச்சுன்னு சொல்லிடுங்க. எனக்கு அது போதும்."

"நானும்தான் ஏமாந்துட்டேன்" என்றார் பாதிரியார். குரல் உடைந்திருந்தது. "கம்பெனிக்காரங்க என்னையும் மோசம் பண்ணிட்டாங்க. இப்ப எல்லாரும் கொதிச்சுப் போயிருக்காங்க. கொஞ்சம் ஆறட்டும். கண்டிப்பா வந்து சொல்றேன்."

அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. பாவம், நல்ல மனுஷன், இவரையும் ஏமாற்றிவிட்டார்களே என்று அன்றைக்கு அவருக்குப் பிடித்த சூப்பை வைத்துக் கொடுத்தாள். பிறகு எத்தனையோ முறை ஞாபகப்படுத்தினாள். அடுத்த ஞாயிறு என்பார். மழை நிற்கட்டும் என்பார். ஆஸ்பத்திரி திறக்கட்டும், ஜனங்களுக்கு மனசு மாறும் என்பார். ஆஸ்பத்திரி திறந்தது. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள் வந்தன. சுரங்கத்தில் கை நசுங்கியவர்கள்தான் அதில் முதலில் படுத்தார்கள். அண்ணனும் சுரங்கத்துக்குத்தான் போனான், தலையில் தகரத் தொப்பியோடு. அவள் அதே சட்டைகளுக்கு அதே இஸ்திரியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பாதிரியாரம்மாவுக்கு மூச்சு நோய் வந்தது. அதே ஆஸ்பத்திரியில் படுத்தாள். இங்கே இருந்தால் பிழைக்க மாட்டாள், ஊருக்கு அழைத்துப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயணத்துக்குப் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பிற்பகல், அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா, அம்மா?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிரியாரம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "உன்கிட்ட சொல்லாம போனா எனக்கு நிம்மதி இருக்காது. அவருக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். கம்பெனிக்காரங்க வந்து நம்ம சாப்பாட்டு மேஜையில படத்தை விரிச்சாங்க. எங்க வெட்டறது, எந்த வீடெல்லாம் போகும், தகர வீடு எங்க கட்டறது, எல்லாம் அதுலயே இருந்துச்சு. ஆஸ்பத்திரி வேணும்னா ஜனங்க சம்மதம் வாங்கிக் குடுங்கன்னாங்க. நான்தான் அவங்களுக்கு டீ ஊத்தினேன்."

"நான் எங்க இருந்தேன்?"

"உன்னை நூலும் விளக்குக் கண்ணாடியும் வாங்கிட்டு வரச்சொல்லிக் கடைத்தெருவுக்கு அனுப்பியிருந்தோம்."

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. வெயிலில் நடந்து வந்திருக்கிறாயே என்று பாதிரியாரே அவளுக்கு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். அந்தக் கருணையை நினைத்துப் பல நாள் பூரித்துப் போயிருந்தாள்.

"அப்புறம் ஏம்மா அன்னிக்கு என்னைச் சொல்ல வெச்சார்? அவருக்குத்தான் நம்ம பேச்சு வருமே?"

பாதிரியாரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவங்க பேச்சுல என் வாயால சொல்லிட்டா அப்புறம் நான் இங்க நிக்க முடியாதுன்னார். அவ சொல்லட்டும், அவ சொன்னா நம்புவாங்கன்னார்."

"அந்த வழக்கத்தை நான் சொன்னேனே, கட்டுத்துணி சுத்தும்போது. அதை நெனச்சா?"

"அதை நெனச்சுத்தான்."

அவள் காலைப் பிடித்துவிடுவதை நிறுத்தவில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஒருவேளை அவர் மறந்திருப்பார், தெரியாமல் செய்திருப்பார் என்று ஒதுங்கி நிற்க அவள் மனசுக்கு இருந்த ஒரே மூலையும் போய்விட்டது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று நாம் சும்மா சொல்லிவிடுகிறோம். கத்தியைச் சாணை பிடித்துக் கொடுத்தது அறுபட்டவளே என்றால் அதற்கு என்ன பேர்? அவளை விடுவிக்கப் பேச்சுக் கற்றுக்கொண்டவர், கற்ற அதே பேச்சை, அவளை மாட்டிவிடுவதற்காக ஒருநாள் மட்டும் மறைத்து வைத்தார்.

"நீங்களும் சொல்லலையே, அம்மா. இத்தனை வருஷம்."

அவள் போர்வையை இழுத்துக் கால்களை மூடிவிட்டு எழுந்து வந்தாள்.

புறப்படுகிற நாள் காலையில் கோயில் முற்றத்தில் பிரிவு உபசாரம். கம்பெனி அரைநாள் விடுப்புக் கொடுத்து வரிசை வீட்டுக்காரர்களை வரச் சொல்லியிருந்தது. அதே நாற்காலிகள், அதே தரை. கம்பெனியின் சுரங்கப் பெரியவர் மாலை ஒன்றைப் பாதிரியார் கழுத்தில் போட்டுக் கை குலுக்கினார். பாதிரியார் எழுந்தார். அவள் இஸ்திரி போட்ட சட்டை. வாயைத் திறந்தார், சீமைப் பேச்சு.

"உங்களை என் சொந்தப் பிள்ளைகளாக நேசித்தேன். உங்கள் நன்மையைத் தவிர வேறெதுவும் நான் நினைத்ததில்லை" என்றார். அவளைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

அவள் காலை இழுத்துக்கொண்டு முன்னே வந்தாள். ஜனங்கள் அவளைத் தாண்டி எங்கோ பார்த்தார்கள். அவள் மலைப்பேச்சில் சொன்னாள்:

"இது இவர் பேச்சு. நான் சுமக்க மாட்டேன். இவருக்கு நம்ம பேச்சு நல்லா வரும், உங்க எல்லாருக்கும் தெரியும். இதே கோயில்ல நின்னு, என் பேச்சை நானே சுமப்பேன்னு சொன்னவர். அன்னிக்கு மட்டும் ஏன் என் வாயால பேசினார்? பாதை மட்டும்தான், ஒரு வீடும் அசையாதுன்னது யார் பேச்சுன்னு இவரே சொல்லட்டும். பொய்னு தெரிஞ்சே சொன்னாரா, தெரியாம சொன்னாரான்னு அதையும் சொல்லட்டும்."

முற்றத்தில் எல்லா முகங்களும் பாதிரியார் பக்கம் திரும்பின. அவர் முகம் வெளுத்தது. ஒரு சொல் விடாமல் அவருக்குப் புரிந்துவிட்டது என்பது கடைசி வரிசைக்கே தெரிந்தது. அவள் காத்திருந்தாள். அப்போதுகூட, இத்தனைக்கும் பிறகுகூட, அவர் சொல்லிவிடுவார் என்று அவள் நம்பினாள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஒரே ஒரு வாக்கியம். அவளே சொல்லிக்கொடுத்த சொற்கள்.

சுரங்கப் பெரியவர் நாற்காலியிலிருந்து எட்டிக் கேட்டார், சீமைப் பேச்சில். "என்ன சொல்கிறாள் அவள்?"

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். "பிரிவைத் தாங்க முடியாமல் அழுகிறாள்" என்றார். "பேச்சு வரவில்லை என்கிறாள்."

நாற்காலியில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் மெதுவாகக் கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். பாதிரியார் தலை குனிந்து வணங்கிவிட்டுப் படியிறங்கினார். பாதிரியாரம்மா ஏற்கெனவே காரில் படுத்திருந்தாள். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஜனங்களுக்கு அந்தச் சீமைப் பேச்சு புரியவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்தான். நசுங்கிய விரல்களால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே வந்து நின்றான். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்ன சொன்னான், தங்கச்சி?"

அவளுக்குச் சட்டென்று வாய் வரவில்லை. வாய்க்காரிக்கே வரவில்லை.

"நான் அழறேனாம், அண்ணா."

அண்ணன் அவள் கண்களை உற்றுப் பார்த்தான். உலர்ந்து கிடந்தன. "அழலையே நீ" என்றான். பிறகு திரும்பி, கார் போன புழுதியைப் பார்த்துக் காறித் துப்பினான். "வா, வீட்டுக்குப் போலாம். உன் அண்ணி உலை வெப்பா."

அண்ணியோடு மற்றப் பெண்களும் எழுந்தார்கள். யாரோ அவள் முழங்கையைப் பிடித்தார்கள். சரிவில் ஊற்று இல்லை, வீடு இல்லை, அப்பா அம்மா இல்லை. அதெல்லாம் இனி யார் வாயாலும் திரும்பி வராது. அடுப்பங்கரையில் இஸ்திரிப் பெட்டி கரி கனிந்தபடி இருக்கிறதே, அணைக்கவில்லையே என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. அணைத்துவிட்டு வருகிறேன் என்று ஓரடி வைத்தாள். பிறகு, எரியட்டும் என்று சொல்லிவிட்டு அண்ணன் பின்னால் நடந்தாள்.